நிறுத்தச் சொன்னது யார்? நிறுத்தாதே என்று சொல்லாதது யார்?

போன மாதம் எங்கள் பென்ஷனர் சங்கப் பொருளாளர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தேன். கூடத்தில் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றி வைத்திருந்தார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் இருந்த பிளாஸ்டிக் டப்பா கண்ணில் பட்டது. அவருடைய மாத்திரை டப்பா. நானும் பத்து வருடமாக அப்படி ஒரு டப்பா வைத்திருக்கிறவன். பழக்க தோஷம், எடுத்துப் பார்த்தேன். மெட்டோப்ரோலால் 50. அட்டையில் ஒன்பது மாத்திரை மிச்சம்.

"இதை அவர் போடலையாம்மா?"

"இல்லீங்கண்ணே. ஆபரேஷன் முடிஞ்சு வந்தப்போ ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்த லிஸ்ட்ல இது இல்ல. இனிமே வேண்டாம் போலன்னு விட்டுட்டோம்."

குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் வலிக்கு ஒன்று, புண் ஆற ஒன்று, வயிற்றுக்கு ஒன்று என்று வரிசையாக இருக்கிறது. எட்டு வருடமாக அவர் போட்டு வந்த இதய மாத்திரை அதில் இல்லை. வீடு வந்த ஆறாம் நாள் ராத்திரி நெஞ்சு அடைக்கிறது என்றிருக்கிறார். 108 வருவதற்குள் முடிந்துவிட்டது.

அந்த மாத்திரை நின்றதால்தான் அவர் போனார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஏற்கெனவே அடைப்பு இருந்த இதயம், எழுபது வயது, ஆபரேஷன் உடம்பு. எதனாலும் நடந்திருக்கலாம். ஆனால் அந்த ஒன்பது மாத்திரையைப் பார்த்த பிறகு எனக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. ஏனென்றால் இதே மாத்திரையை இதே மாதிரி ஒரே நாளில் நிறுத்தி, யமன் வீட்டு வாசல்படி வரை போய்த் திரும்பியவன் நான்.

நான் டாக்டர் இல்லை. தபால் இலாகாவில் முப்பத்தொன்பது வருடம் குப்பை கொட்டி 2012இல் ஓய்வு பெற்றவன். 2015இல் மாரடைப்பு வந்தது. ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். கை நிறைய மாத்திரையோடு வீட்டுக்கு வந்தேன். அதில் ஒன்று இந்த மெட்டோப்ரோலால். நாலு வருடம் ஒழுங்காகப் போட்டேன். ஆனால் அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றே ஒரு எண்ணம். மாடிப்படி ஏறினால் கால் கனக்கும். சித்திரை வெயிலிலும் விரல் நுனி சில்லென்று இருக்கும். ராத்திரியில் கெட்ட கனவு. கனவில் என்ன வரும் என்கிறீர்கள்? சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது கேஷ் குறையும், எவ்வளவு எண்ணினாலும் குறையும். இவை எல்லாம் இந்த வகை மாத்திரையின் தெரிந்த பக்க விளைவுகள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அப்போது வயதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

2019 ஜூனில் சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸப்பில் அந்தப் பிரசித்தி பெற்ற கஷாயத்தை அனுப்பினார். பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் சிடர் வினிகர், தேன். உங்களுக்கும் வந்திருக்கும், வராதவர்கள் தமிழ்நாட்டில் கிடையாது. 'எல்லா அடைப்பும் கரைந்துவிடும், இங்கிலீஷ் மருந்தைத் தூக்கி எறியுங்கள்.' நான் எல்லாவற்றையும் தூக்கி எறியவில்லை. ரொம்ப புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு, ஆஸ்பிரினையும் கொலஸ்ட்ரால் மாத்திரையையும் வைத்துக்கொண்டு, என்னைக் களைப்பாக்கும் இந்த ஒன்றை மட்டும் நிறுத்தினேன்.

மூன்றாம் நாள் உடம்பு சிறகு மாதிரி இருந்தது. கை சூடாகிவிட்டது. மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாக ஏறினேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் கஷாயத்தின் பெருமை. ஐந்தாம் நாள் காலை மகாமகக் குளத்தின் வடகரையில் நடந்துகொண்டிருந்தேன். வழக்கமான நடைதான். திடீரென்று நெஞ்சில் யாரோ தபால் மூட்டையைத் தூக்கி வைத்த மாதிரி. இடது தாடை வரைக்கும் இழுத்தது. சட்டை முழுக்க வியர்வை. மண்டபத் தூணைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். பூ விற்கிற அம்மா ஒருத்திதான் ஆட்டோவை நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்து, ரத்தம் எடுத்து, நாக்கடியில் மாத்திரை வைத்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் மூச்சு சரியானது. நாடி 118 இருந்ததாம். இளம் டாக்டர் ஒருவர் கேள்வி மேல் கேள்வி கேட்டு விஷயத்தைக் கறந்துவிட்டார்.

"யார் சார் உங்களை நிறுத்தச் சொன்னது?" என்று போட்டார் ஒரு சத்தம்.

நான் தலை குனிந்தேன். என் மனைவி குனியவில்லை. "நிறுத்தக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே டாக்டர். நாலு வருஷமா மூணு மாசத்துக்கு ஒரு தடவை வர்றோம். நானும் கூடவேதான் வர்றேன். ஒருத்தர் சொன்னாங்களா?"

அந்த டாக்டர் நல்லவர். கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உண்மைதான்மா" என்றார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். அன்று அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன்.

பயம், கோபம், ஓட்டம் எதுவானாலும் உடம்பில் அட்ரினலின் சுரக்கும். அது இதயத்துக்குப் போடுகிற கட்டளைதான் 'வேகமாக அடி' என்பது. கட்டளையைக் கேட்பதற்கு இதயத்தில் காதுகள் மாதிரி ஏற்பிகள் இருக்கின்றன. பீட்டா பிளாக்கர் என்கிற இந்த வகை மாத்திரை அந்தக் காதுகளில் பஞ்சு வைத்து அடைக்கிறது. இதயம் நிதானமாக அடிக்கும், அதற்கு வேண்டிய ஆக்சிஜனும் குறையும். அடைப்பு உள்ளவருக்கு நல்லதுதானே? ஆனால் உடம்பு சும்மா இருக்காது. காது சரியாகக் கேட்கவில்லை என்று மாதக்கணக்கில் புதுக் காதுகளை முளைக்க வைத்துக்கொள்கிறது. இப்போது ஒரே நாளில் பஞ்சை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? பழைய காதும் புதுக் காதும் சேர்ந்து, சாதாரணக் குரலே கூச்சலாகக் கேட்கும். இதயம் தறிகெட்டு ஓடும். பி.பி. ஏறும். குழாய் குறுகிய இடத்தில் ரத்தம் போதாமல் நெஞ்சு வலி வரும், சிலருக்கு மாரடைப்பே வரும். நிறுத்திய சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால், கூடுதல் காதுகளும் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துவிடும்.

இவ்வளவுதான் விஷயம். எட்டாம் வகுப்புப் பையனுக்குப் புரியும். சொல்ல நாலு நிமிஷம் ஆயிற்று.

இது புதுக் கண்டுபிடிப்பா என்றால் அதுவும் இல்லை. இந்த வகை மருந்தை 1960களில் உருவாக்கியவர் ஜேம்ஸ் பிளாக் என்கிற ஸ்காட்லாந்துக்காரர். ப்ரோப்ரனலால் அவர் கொடுத்ததுதான். 1988இல் நோபல் பரிசும் வாங்கினார். திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு வலியும் மாரடைப்பும் வருகிறது என்று 1970களின் நடுவிலேயே மருத்துவப் பத்திரிகைகளில் எழுதிவிட்டார்கள். அமெரிக்காவில் மெட்டோப்ரோலாலுக்கான மருந்துக் குறிப்பில் இந்த எச்சரிக்கையைப் போட்டிருக்கிறார்கள்: திடீரென நிறுத்தாதே, ஒன்று முதல் இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறை, நோயாளியைக் கண்காணி, வலி கூடினால் உடனே மருந்தைத் திரும்பக் கொடு. ஆபரேஷன் விஷயமும் அப்படித்தான். ஏற்கெனவே இந்த மாத்திரை போட்டு வருகிறவருக்கு அறுவை சிகிச்சையின்போதும் அதை விடாமல் தொடர வேண்டும் என்பது இதய மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டுதலில் பல வருடமாக இருக்கிறது.

ஆக, ஐம்பது வருடமாகத் தெரிந்த ஒரு விஷயம், கும்பகோணத்தில் மாத்திரை போடுகிற எனக்கும் பொருளாளருக்கும் மட்டும் தெரியாது. ஏன்?

மருந்துக் கடையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் ஊரில் மாத்திரையை டப்பாவோடு யார் வாங்குகிறார்கள்? 'பத்து நாளைக்குக் குடுப்பா' என்போம், கத்தரிக்கோலால் அட்டையை நறுக்கிக் கொடுப்பார்கள். பெயர் ஒரு துண்டில் போகும், காலாவதித் தேதி இன்னொரு துண்டில் போகும். குறிப்புத் தாள் என்று ஒன்று இருந்தால் அது பெரிய டப்பாவுக்குள்ளேயே கிடக்கும். நான் ஒரு தடவை கேட்டு வாங்கினேன். கடைப்பையன் என்னை விநோதமாகப் பார்த்தான். "யாரு சார் இதெல்லாம் கேக்குறா?" என்றான். எறும்பு எழுத்து, இங்கிலீஷ், அதுவும் டாக்டருக்கே புரிகிற இங்கிலீஷ். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால் எச்சரிக்கை அதில் இருக்கத்தான் இருக்கிறது. சட்டப்படி எல்லாம் சரி! அட்டையின் பின்பக்கம் 'பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டும்' என்கிற அர்த்தத்தில் ஒரு வாசகம் இருக்கும். விற்பதற்கு எச்சரிக்கை உண்டு, நிறுத்துவதற்குக் கிடையாது.

அடுத்தது டாக்டர்கள். சாயங்காலம் எண்பது டோக்கன் பார்க்கிறார்கள், ஒருவருக்கு மூன்று நிமிஷம், எனக்குத் தெரியும். நானும் கவுண்டரில் உட்கார்ந்தவன்தான், வரிசை எவ்வளவு நீளமானாலும் பாஸ்புக்கில் பதிந்த தொகையை வாய்விட்டுச் சொல்லித்தான் கையில் கொடுப்பேன். ஒரு ரிஜிஸ்டர் தபாலுக்கே ஒப்புதல் அட்டை வைத்திருந்தோம் நாங்கள் (இப்போது ரிஜிஸ்டர் தபாலே ஸ்பீடு போஸ்ட்டுக்குள் போய்விட்டது, அது வேறு சோகம்). உயிர் சம்பந்தப்பட்ட ஒரு வரி போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. மருந்துச் சீட்டைப் புரியும்படி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016இல் இந்திய மருத்துவக் கவுன்சில் விதியே போட்டது. உங்கள் வீட்டுச் சீட்டை எடுத்துப் பாருங்கள், சிரிப்பு வரும். 1-0-1 தெரியும். மற்றதெல்லாம் மழையில் நனைந்த கோலம்.

டிஸ்சார்ஜ் சம்மரி பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். ஒரு டாக்டர் வயிற்றைப் பார்ப்பார், இன்னொருவர் இதயத்தைப் பார்ப்பார், ஆள் ஒருத்தர்தான். ஆபரேஷன் செய்த இடத்தில் அவர்கள் எழுதிய மாத்திரைகள் மட்டும் பட்டியலில் வரும். பழைய மாத்திரைகள் 'தொடரவும்' என்றோ 'நிறுத்தவும்' என்றோ ஒரு சொல் இருக்காது. வீட்டில் இருக்கிறவர்களுக்குப் புதுக் காகிதம்தான் வேதம். பொருளாளர் மனைவி செய்த தப்பு என்ன? ஆஸ்பத்திரி கொடுத்த காகிதத்தை நம்பியதா?

வாட்ஸப் வைத்தியர்களை விட்டுவிடுவேன் என்று நினைக்காதீர்கள். மருதம்பட்டைக் கஷாயம் மேல் எனக்குப் பகை இல்லை. என் பாட்டி போட்டுக் கொடுத்துக் குடித்தவன். ஆனால் 'எங்கள் மருந்தைக் குடி' என்பதோடு நிற்காமல் 'அவர்கள் மருந்தை இன்றே நிறுத்து' என்று ஏன் சொல்கிறீர்கள்? நிறுத்தினால் ஐந்தாம் நாள் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? நெஞ்சு வலித்தால் நீங்கள் ஓடி வருவீர்களா? எனக்கு அனுப்பிய சொந்தக்காரர் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். கஷாயத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கடைசியில் நான். நாலு வருடத்தில் பதினாறு தடவை டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். 'இந்த மாத்திரை எதற்கு? இது எனக்குக் களைப்பாக இருக்கிறதே, குறைக்கலாமா?' என்று ஒரு தடவை கேட்டேனா? கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று பயம். பயந்தவன் அவரிடம் கேட்காமல் கஷாயத்திடம் போனேன்.

இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் ஆயுசுக்கும் போட வேண்டியதுதான்' என்று யாராவது நினைத்தால் அதுவும் சரியில்லை. இந்த மாத்திரையை நானே இப்போது போடுவதில்லை. முறையாக நிறுத்தினோம். எப்படி என்று சொல்கிறேன்.

2024 கடைசியில் என் நாடி 46, 48 என்று இறங்க ஆரம்பித்தது. எழுந்தால் தலை சுற்றல். இந்தத் தடவை வாயைத் திறந்து கேட்டேன். டாக்டர் எக்கோ எடுத்தார், இதயத்தின் பம்ப் சக்தி நன்றாக இருந்தது. 2019க்குப் பிறகு எடுத்த ஆஞ்சியோவிலும் புது அடைப்பு இல்லை. அவரே சொன்னார், மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆயுள் முழுக்க இது வேண்டுமா என்று உலகத்தில் இப்போது மறுபடி யோசிக்கிறார்களாம். 2024இல் வந்த ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், பம்ப் சக்தி நன்றாக இருந்த ஐயாயிரம் பேரைப் பார்த்ததில், இந்த மாத்திரை கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் சாவிலோ மறு மாரடைப்பிலோ சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதே வருடம் பிரான்சில் சுமார் 3,700 பேரிடம் நடந்த ஆய்வில், நிறுத்தியவர்களில் 23.8 சதவீதம் பேருக்கும் தொடர்ந்தவர்களில் 21.1 சதவீதம் பேருக்கும் ஏதோ ஒரு இதயச் சிக்கல் வந்தது, முக்கியமாக மறுபடி ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்தது. "அதனால எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. உங்க விஷயத்துல நாடி 46தான் பதில்" என்றார்.

ஐம்பதிலிருந்து இருபத்தைந்து, இரண்டு வாரம். பிறகு இருபத்தைந்தில் பாதி, இரண்டு வாரம். என்னுடையது மெதுவாகக் கரையும் வகை, நடுக்கோட்டில் உடைக்கலாம், பொடிக்கவோ மெல்லவோ கூடாது. பிறகு நிறுத்தம். அந்த ஆறு வாரமும், அதாவது நிறுத்திய பின் இரண்டு வாரம் வரை, வேக நடை கிடையாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. காலையும் மாலையும் பி.பி.யும் நாடியும் பார்த்து, கிழித்த தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன். நெஞ்சு இறுக்கம், மூச்சிரைப்பு, படபடப்பு வந்தால் பழைய அளவை உடனே போட்டுவிட்டுக் கிளம்பி வர வேண்டும், வலி நிற்காவிட்டால் 108. நாடி 46இலிருந்து 62க்கு வந்தது. கேஷ் குறைகிற கனவும் நின்றது. இது எனக்கு, என் இதயத்துக்கு, என் டாக்டர் போட்ட கணக்கு. இதைப் பார்த்து நீங்கள் செய்யாதீர்கள். பம்ப் சக்தி குறைந்தவர்களுக்கும் இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கும் கதையே வேறு.

உங்கள் டப்பாவில் 'லால்' என்று முடிகிற பெயர் இருக்கிறதா பாருங்கள். அட்டெனலால், மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், ப்ரோப்ரனலால், கார்விடிலால், நெபிவலால். ஏதோ வடநாட்டு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், எல்லாம் ஒரே குடும்பம்தான். பி.பி.க்கு, கை நடுக்கத்துக்கு, ஒற்றைத் தலைவலிக்கு, தைராய்டு படபடப்புக்குக்கூட எழுதுவார்கள். ஒரே நாளில் நிறுத்திய எல்லாருக்கும் ஆபத்து வந்துவிடாது, பலருக்கு ஒன்றும் ஆகாது. அடைப்பு உள்ளவருக்குத்தான் பெரிய பயம், ஆனால் தனக்கு அடைப்பு இருக்கிறதா என்று எத்தனை பேருக்குத் தெரியும்? வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனாலும், காசி ராமேஸ்வரம் போனாலும், பிள்ளை வீட்டுக்குப் போனாலும், மாத்திரையை எண்ணி நாலு நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துக்கொண்டு போங்கள். 'சனிக்கிழமை தீர்ந்துபோச்சு, திங்கள் வாங்கிக்கலாம்' என்பதும் ஒரு வகை நிறுத்தம்தான். ஸ்டென்ட் வைத்தவர்களின் ரத்தம் உறையாத மாத்திரை வேறு ரகம், அதில் படிப்படி என்கிற பேச்சே இல்லை, இதய டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைகூட விடக் கூடாது.

எங்கள் சங்கத்தில் போன வாரம் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். உறுப்பினர்கள் எல்லாரும் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, திடீரென்று நிறுத்தக் கூடாத மாத்திரை எது என்று கேட்டு, அதன் பக்கத்தில் தமிழில் ஒரு வரி எழுதி வாங்க வேண்டும். ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் பழைய மாத்திரைப் பட்டியலைக் கையில் கொடுத்து, டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒவ்வொன்றுக்கும் எதிரே தொடரவா நிறுத்தவா என்று எழுதாமல் பில் கட்டக் கூடாது. இரண்டாவதற்குக் கொஞ்சம் எதிர்ப்பு இருந்தது, டாக்டரிடம் எப்படிச் சண்டை போடுவது என்றார்கள். பொருளாளர் உட்காருகிற நாற்காலி காலியாக இருந்தது. அதைப் பார்த்தபடி நான் பேசினேன், நிறைவேறியது.

மனைவிக்கு பி.பி.க்கு அட்டெனலால் கொடுத்திருக்கிறார்கள். முந்தாநாள் அவளோடு போனபோது நானே முதலில் ஆரம்பித்தேன். டாக்டர் சிரித்தார். "தமிழ்லயா சார்? எழுதி ரொம்ப நாளாச்சு" என்று சொல்லிவிட்டு, 'திடீரென நிறுத்தக் கூடாது' என்று எழுதித்தான் கொடுத்தார். கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கடைப்பையன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன மாத்திரை சார், நம்மகிட்ட ஸ்டாக் இல்லையே" என்றான். பேனாவை வாங்கி அதன் மேலேயே, மணியார்டர் பாரம் நிரப்புகிற குண்டு எழுத்தில் நான் எழுதிக்கொண்டு வந்தேன்.